இரண்டு கோடை கழித்து ஒரு கச்சேரி

தென் மாவட்டங்களில் மேடைக் கச்சேரி செய்து பிழைக்கும் எங்களுக்குச் சம்பாத்தியம் என்பது மாசியில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும். மாசிக் களரி, பங்குனிப் பொங்கல், சித்திரைத் திருவிழா, வைகாசி ஆனிக் கொடைகள், ஆடி வெள்ளி. இந்த ஆறு மாத ஓட்டத்தில் கையில் சேர்வதை வைத்துத்தான் மற்ற ஆறு மாதமும் வீடு நடக்கும். கல்யாண வரவேற்பும் பள்ளி ஆண்டுவிழாவும் இடையிடையே வரும், அவை மேல்செலவுக்கு. 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது பங்குனி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வாங்கிய அட்வான்ஸை ஒவ்வொரு ஊருக்கும் திருப்பிக் கொடுக்கவேண்டிய நிலை. அறுப்புக்கு நிற்கும் வயலில் வெள்ளம் புகுந்ததுபோல அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடமும் அப்படியே. அழகர் வைகையில் இறங்குவதே இரண்டு வருடம் நடக்கவில்லை என்றால், ஊர்ப்புறக் கோயில் கச்சேரியை யார் கேட்கப்போகிறார்கள்?

நான் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் வாசிக்கிறேன். டிரம்ஸ் என் வாத்தியம். தேவைப்பட்டால் ரிதம் பேடும் வாசிப்பேன். எங்கள் குழுவில் இரண்டு கீபோர்டு, லீட் கிடார், பேஸ் கிடார், புல்லாங்குழல், தபேலா, டோலக், டிரம்ஸ், பாடுகிறவர்கள் நான்கு பேர். இதை நாங்கள் 'முழு செட்டு' என்போம். இப்போது பல மேடைகளில் இந்தச் செட்டு இல்லை. லேப்டாப்பில் கரோக்கே ட்ராக் ஓடும். இரண்டு பேர் மைக் பிடித்துப் பாடுவார்கள். பின்னால் ஒருவர் கீபோர்டு முன் நின்றுகொண்டிருப்பார். செலவு பாதி, வேலையும் பாதி. ஊரடங்குக்கு முன்பே வந்துவிட்ட வழக்கம் இது. ஊரடங்கு அதை நிலைப்படுத்திவிட்டது.

முழு செட்டுக்காக நான் வாதாடக் காரணம் உண்டு. தமிழ்ச் சினிமா இசையின் பெரிய கைகள் பல மேடையில் உருவானவை. அண்ணன் பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடிய குழுவில்தான் இளையராஜா கூட்டத்தைப் படித்தார். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன் அவருக்கு நீண்ட மேடை அனுபவம் இருந்தது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் சென்னையில் மெல்லிசைக் குழு நடத்திய நாட்களில் இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் அந்தக் குழுவில் வாசித்தார்கள். எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதில் ஒரு பயிற்சி இருக்கிறது. அது வேறெங்கும் கிடைக்காது. 2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. மறைந்தார். அவர் பாட்டை வாசித்தே குடும்பம் நடத்திய எங்களுக்கு ஓரிடத்தில் கூடி அவருக்காக ஒரு பாட்டு வாசிக்கக்கூட அப்போது வழியில்லை. ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2022 பங்குனியில் ஒரு போன் வந்தது. தாமிரபரணிக் கரையோரத்து ஊர் ஒன்றின் விழாக் கமிட்டிப் பெரியவர். எங்கள் குழுவை நடத்துபவர், முதல் கீபோர்டு வாசிப்பவர், எல்லோருக்கும் 'மாஸ்டர்'. ஸ்பீக்கரில் போட்டு எங்களையும் கேட்கவைத்தார்.

"மாஸ்டரு, சித்திரையில கொடை வச்சிருக்கோம். ரெண்டு வருசமா அம்மனுக்கு ஒண்ணும் செய்யல. இந்தத் தடவ நீங்க வந்துரணும்."

"அண்ணாச்சி, உங்க கையிலயும் காசு இருக்காது. ட்ராக் போட்டுப் பாடுனா செலவு பாதிதான் ஆகும். அதையும் சொல்லிர்றேன்" என்றார் மாஸ்டர்.

"பாட்டு கேக்கணும்னா வீட்லயே கேட்டுக்கிடுவோம். மேடையில ஆளு வாசிக்கணும். முழு செட்டா வாங்க."

அந்த ஒரு பேச்சில்தான் எங்கள் குழு மறுபடி எழுந்தது.

ஆட்களைச் சேர்ப்பது எளிதாக இல்லை. பேஸ் கிடார் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். கிடாரை மட்டும் விற்காமல் வைத்திருந்தான். லீட் கிடார்காரர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் கீபோர்டு அடகில் இருந்தது; மாஸ்டர் முன்பணத்திலிருந்து எடுத்து மீட்டுக் கொடுத்தார். தபேலா வாசித்த அண்ணன் 2021 இரண்டாம் அலையில் போய்விட்டார். அவரிடம் கற்ற பையன் ஒருவன் வந்தான். அண்ணன் வீட்டில் அவர் மனைவியே தபேலா இரண்டையும் துணி சுற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். "வாசிக்காம வச்சா தோலு கெட்டுப்போகும் தம்பி, எடுத்துக்க" என்றார்.

மாஸ்டர் வீட்டு மாடித் தகரக் கொட்டகையில் ஒத்திகை. கை சீக்கிரமே திரும்பிவிட்டது. நரம்பும் தசையும் எதையும் மறப்பதில்லை. திரும்ப வராமல் இழுத்தடித்தது காது. இரண்டு வருடம் ஒவ்வொருவரும் வீட்டில் தனியாக, ஹெட்போனில் ட்ராக்கை ஓடவிட்டு அதற்கு வாசித்துப் பழகியிருந்தோம். ட்ராக் யாருக்காகவும் நிற்காது. நீங்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். குழுவில் கதை வேறு. நான் கிக் பெடலை அழுத்தும் அதே நொடியில் பேஸ் கிடாரின் தந்தி அதிரவேண்டும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் கேட்பவன் நெஞ்சில் ஒரே அடியாக இறங்கும். மயிரிழை விலகினாலும் பாட்டுக்கு எலும்பில்லாமல் போகும். எங்கள் கிக்கும் பேஸும் அந்த ஒத்திகை முழுக்கத் தனித்தனியாகவே நடந்தன.

பாடகர்கள் பக்கம் இன்னொரு சிக்கல். எங்கள் மூத்த பாடகிக்குக் கொரோனா வந்து தேறியிருந்தது. குரலின் நிறம் மாறவில்லை, மூச்சு குறைந்திருந்தது. முன்பு ஒரே மூச்சில் பாடிய சரணத்தின் கடைசி அடிக்கு இப்போது நடுவில் ஓர் இழுப்பு தேவைப்பட்டது. மாஸ்டர் அந்தப் பாட்டை அரைக் கட்டை இறக்கினார். கீபோர்டில் அது ஒரு பொத்தான் வேலை. கிடாருக்குப் பிடிகள் மாறும். புல்லாங்குழல்காரர் பையைத் திறந்து அந்தச் சுருதிக்கான குழலைத் தேடி எடுத்தார். கட்டைக்கு ஒரு குழல் என்று அவர் பையில் ஒரு கட்டு எப்போதும் இருக்கும். சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையை இரண்டு ஆவர்த்தனம் நீட்டிக்கொள்ளலாம் என்றார் மாஸ்டர். அக்கா தலையசைத்தால்தான் நான் உருட்டு வாசித்து அவரை உள்ளே அழைக்கவேண்டும். மூச்சு வாங்கும் பாடகிக்காகக் காத்து நிற்பதை எந்த ட்ராக்கும் செய்யாது. மனிதர்கள் வாசித்தால்தான் அது நடக்கும்.

சித்திரையில் ஒரு காலை, மதுரையிலிருந்து வேன் கிளம்பியது. பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சாமான் ஏற்றுவோம். அதற்கு ஒரு முறை உண்டு. கனமான பெட்டிகள் பின் சக்கரத்துக்கு நேர் மேலே. பேஸ் டிரம்முக்குள் போர்வை. அதற்குள் சிறிய ஸ்டாண்டுகள். சிம்பல்களைத் துணி வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைப்பேன், நிற்கவைத்தால் விளிம்பு அடிபடும். ஒயர் பெட்டியும் டூல் பையும் கடைசியாக ஏறி முதலில் இறங்கும், ஏனென்றால் மேடையில் முதல் வேலை அவற்றுக்குத்தான். ரோலண்ட் எஸ்பிடி-20 பேடை நான் மடியில் வைத்துக்கொள்வேன். அதன் எட்டு ரப்பர் தட்டுகளுக்கு அடியில் இருக்கும் சென்சார்கள் குலுங்கினால், மேடையில் தொடாமலேயே ஒரு தட்டு ஒலிக்கத் தொடங்கும்.

திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை. கப்பலூர் தாண்டும் வரைக்கும் வேனில் யாரும் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. வட்டி, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போனின் தவணை, யார் யார் தொழிலை விட்டுப்போனார்கள் என்பது. விருதுநகர் தாண்டிச் சாத்தூரில் டீக்கு நிறுத்திக் காரச்சேவு வாங்கினோம். தபேலா பையன் தனியாக நின்றான். பழைய ஆட்கள் நடுவில் அவன் புதியவன்; இறந்தவர் இடத்தில் வேறு நிற்கிறான். லீட் கிடார்காரர் பொட்டலத்தை அவனிடம் நீட்டி, "எடுத்துக்கடா, உங்க வாத்தியார் இந்தக் கடையிலதான் எப்பவும் வாங்குவாரு" என்றார். அதற்குப் பிறகு அவன் எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தான்.

சாத்தூரை விட்டு வண்டி கரிசல் காட்டுக்குள் ஓடியபோது மாஸ்டர் முன்னிருக்கையிலிருந்து திரும்பி, "லிஸ்ட்டை ஓட்டுவமா?" என்றார். எங்கள் வழக்கம் அது: பாட்டைப் பாடமாட்டோம், இசையைப் பாடுவோம். முன்னிசை, இடையிசை, பேஸ் போகும் வழி, உருட்டு எல்லாம் வாயால். கீபோர்டுக்காரர்கள் வயலின் பகுதியைப் பிரித்துக்கொண்டு முனக, குழல்காரர் விரலை மட்டும் குழலில் ஓடவிட, நான் முன்சீட்டின் முதுகில் தட்ட, பேஸ் தம்பி தன் வரியை வாயால் போட. வாத்தியம் இல்லை, ஆம்ப் இல்லை, தனக்கென்று ஹெட்போன் இல்லை. அடுத்தவன் வாயைக் கேட்காமல் ஒரு அடிகூட நகர முடியாது. கோவில்பட்டி தாண்டிக் கயத்தாற்றுக் காற்றாலைகள் தெரியத் தொடங்கிய இடத்தில், ஒரு வேகப் பாட்டின் இரண்டாம் இடையிசையில், என் தட்டும் பேஸ் தம்பியின் குரலும் ஒரே புள்ளியில் விழுந்தன. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம். மாஸ்டர், "இதான்" என்றார். கொட்டகையில் வராதது வேனில் வந்தது. குழு என்பது திரும்ப அங்கேதான் உண்டானது.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் மற்றவர்கள் கோயிலுக்குள் போக, நானும் மைக்செட்காரரும் மேடைக்குப் போனோம். பாட்டுக்கு முன்னால் பார்க்கவேண்டியது கரண்ட். கிடாரின் தந்தி ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். மைக்கின் வலைமூடி மிக்சர் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கும். இரண்டும் வேறு வேறு லைனில் இருந்து, எர்த் சரியில்லாமல் போனால், தந்தியில் கைவைத்தபடி உதட்டை மைக்கில் வைக்கிறவனுக்கு ஷாக் அடிக்கும். மேடையில் உயிர்ப்பலி வரைக்கும் போகக்கூடிய விஷயம் இது. மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிடார் தந்தியிலும் மறுமுனையை மைக் மூடியிலும் வைத்துப் பார்த்தால் முள் அசையக்கூடாது. அன்று அசைந்தது. கிடார் ஆம்ப் ஜெனரேட்டர் லைனில் இருந்தது, மிக்சர் கோயில் மீட்டரில். மைக்செட்காரர் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் ஜெனரேட்டர் பக்கமே மாற்றினார். மேடைக்குப் பின்னால் எர்த் கம்பி அடித்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுபடி வைத்துப் பார்த்தோம். முள் படுத்துக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் பாடகர்களை மேடையில் ஏறவிட்டோம்.

டோலக்கையும் தபேலாவையும் உறையிலிருந்து எடுத்து மேடைக் காற்றில் வைத்துவிட்டோம். பகல் முழுக்க வேனின் சூட்டில் தோல் காய்ந்து விறைத்திருக்கும். அந்த நிலையில் சுருதி கூட்டினால், பொழுது சாய்ந்து ஆற்றங்கரை ஈரக்காற்று வந்ததும் தோல் தளர்ந்து இறங்கிவிடும். ஒரு மணி நேரமாவது அந்த ஊர்க் காற்றைக் குடிக்கவிட்டுப் பிறகு சுத்தியை எடுக்கவேண்டும். தபேலா பையன் யாரும் சொல்லாமலே அதைச் செய்தான். நல்ல வாத்தியாரிடம் கற்றவன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொரு சோதனை தெருவில் இருந்தது. ஊர் முழுக்கக் கேட்கவேண்டும் என்று தெருக்கோடி வரை கம்பம் நட்டு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளியுள்ள ஸ்பீக்கரிலிருந்து நான் அடித்த அடி எனக்குத் திரும்பிக் கேட்க மூன்றில் ஒரு பங்கு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வேகப் பாட்டில் அது பாதித் தட்டுக்கு மேல். அந்தத் தாமதித்த ஒலியைக் காது பிடித்துக்கொண்டால் கை தானாக மெதுவாகும். நான் மெதுவானால் குழுவே மெதுவாகும். வெளியூர் மேடைகளில் நல்ல குழுக்கள்கூடத் தளர்ந்து போவதற்கு இதுதான் பெரிய காரணம். இதற்கு மருந்து ஒன்றுதான்: தெருவைக் கேட்காதே, பக்கத்தில் இருப்பவனைக் கேள். பேஸ் ஆம்பை என் இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னேன். தம்பியை என் சிம்பலுக்குப் பக்கத்தில், நான் பார்க்கும்படி நிற்கவைத்தேன்.

"மொதல்ல சாப்பிடுங்க, பெறவு வாசிக்கலாம்" என்று கமிட்டிப் பெரியவர் எல்லோரையும் பந்தியில் உட்காரவைத்தார். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறவர். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தபேலா அண்ணனைக் கேட்டார். மாஸ்டர் சொன்னதும், அவர் ஒன்றும் பேசாமல் பையனின் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

போலீஸ் அனுமதி இரவு பத்து மணி வரை. ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்ததிலிருந்து இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களுக்கு அரசு தரும் தளர்வு எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. விடிய விடியக் கச்சேரி செய்த காலத்தைப் பெரியவர்கள் சொல்லி ஏங்குவார்கள். எனக்கு இந்த விதியில் வருத்தமில்லை. நோயாளியும் கைக்குழந்தையும் தூங்கவேண்டும். ஏழு மணிக்குச் சரியாகத் தொடங்கினால் மூன்று மணி நேரத்தில் நிறைவான கச்சேரி கொடுக்கலாம். அன்று ஏழுக்குத் தொடங்கினோம். பிள்ளையார் பாட்டு, அடுத்து அம்மன் பாட்டு. தரையில் பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும். வீட்டுத் திண்ணைகளில் வயதானவர்கள். வாலிபர்கள் மேடையின் வலப்பக்கம், ஆடுவதற்குத் தயாராக.

முதல் வேகப் பாட்டில் தெருக்கோடி ஸ்பீக்கர் என்னைப் பின்னால் இழுப்பது தெரிந்தது. தம்பியைப் பார்த்தேன். அவன் விரலைப் பார்த்தபடி கிக்கைப் போட்டேன். கயத்தாற்றில் பிடித்த அந்த ஒட்டு அப்படியே நின்றது. வாலிபர்கள் ஆடத் தொடங்கினார்கள். ஆடுகிற கால்கள் தப்பாமல் விழுந்தால் ரிதம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவையில்லை. துண்டுச் சீட்டில் விருப்பப் பாடல்கள் வரத் தொடங்கின. பாதிக்கு மேல் எஸ்.பி.பி. பாடியவை. எங்கள் பாடகர் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. யாரும் எழச் சொல்லவில்லை. 2020-ல் நாங்கள் செய்ய முடியாமல் போனதை அந்த ஊர் அன்று எங்களோடு சேர்ந்து செய்தது.

அக்கா பாடவேண்டிய பாட்டு கடைசிக்கு முந்தியது. சரணத்துக்கு முன் இடையிசை வந்தது. குழல் முடித்தது. அவர் தலையசைக்கவில்லை. மாஸ்டர் கண்ணைக் காட்ட, கீபோர்டு அதே வரியை மறுபடி எடுத்தது. தபேலா பையன் அந்த இடத்தை வெறுமனே விடாமல் ஒரு சின்னத் தீர்மானம் வைத்து அழகாக நிரப்பினான்; அவன் வாத்தியார் வைக்கும் அதே தீர்மானம். அக்கா புன்னகைத்துத் தலையசைத்தார். நான் உருட்டினேன். சரணத்தை நிறைவாகப் பாடி முடித்தார். எதிரே இருந்தவர்களுக்கு அங்கே ஒரு ஆவர்த்தனம் நீண்டது தெரிந்திருக்காது. குழு ஒரு ஆளைத் தாங்கிப் பிடித்தது எங்களுக்குத் தெரியும்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க மங்களம் பாடி முடித்தோம். பேசிய பணத்தைப் பெரியவர் எண்ணி மாஸ்டர் கையில் கொடுத்தார். அந்த வருடம் சீசன் முழுக்க எங்களுக்கு வேலை இருந்தது. பேஸ் தம்பி திருப்பூருக்குத் திரும்பவில்லை. தபேலா பையன் இப்போது எங்கள் குழுவில் நிரந்தரம்.

ட்ராக் போட்டுப் பாடுகிறவர்களிடம் எனக்குப் பகை கிடையாது. அவர்களுக்கும் வயிறு உண்டு. ஆனால் இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். ட்ராக்கில் பாடல் இருக்கிறது. கச்சேரி என்பது பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்டு, அந்த இரவுக்கு, அந்த ஊருக்கு என்று புதிதாகச் செய்வது. பழகாமல் விட்டால் அப்படிக் கேட்கும் பழக்கம் அழிந்துபோகும் என்பதை இரண்டு வருடத்தில் கண்ணால் பார்த்துவிட்டேன். பழகுவதற்கு மேடை வேண்டும். மேடை ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது.

கோயில் விழா நடத்தும் கமிட்டிக்காரர்களிடம் சில விஷயங்கள் கேட்டுக்கொள்கிறேன். மேடைக்கு ஒரே லைனில் கரண்ட் கொடுங்கள், எர்த் கம்பியை ஈரமண்ணில் அடியுங்கள். கச்சேரியை ஏழு மணிக்குத் தொடங்கவிடுங்கள். வரவேற்புரைகளை அதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். நோட்டீஸில் பாடகர் பெயரோடு வாசிப்பவர்கள் பெயரையும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வருடக் கொடைக்குக் கச்சேரி பேசும்போது, முழு செட்டாக வரச் சொல்லுங்கள்.